அக்கா போட்டுக்கொள்ளும் ஊசியும் ஒரு பெப்டைடுதான்

வாசகர் கடிதம்:

"என் அக்காவுக்கு 41 வயது. போன வருடம் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஈஸ்ட்ரோஜன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ். அக்குளில் 2 நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்தது. அறுவைசிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்துவிட்டன. இப்போது தினமும் ஓர் எக்ஸிமெஸ்டேன் மாத்திரை, 28 நாளுக்கு ஒருமுறை வயிற்றில் ஓர் ஊசி. மூட்டு வலியும், உடம்பில் திடீர் திடீரென்று எழும் அனலும் அவளைப் பாடாய்ப்படுத்துகின்றன. அந்த ஊசியை நிறுத்திவிடலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இந்த நேரத்தில், செயற்கைப் பெப்டைடு ஒன்று மார்பகப் புற்றுநோய் செல்களை ஒரு மணி நேரத்தில் கொல்கிறது, நல்ல செல்களை அவ்வளவாகத் தொடுவதில்லை என்று ஒரு செய்தி படித்தோம். பெப்டைடு விற்கும் இணையக் கடை ஒன்றும் கண்ணில் பட்டது. சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடி, நீரில் கலந்து நாமே போட்டுக்கொள்ளலாமாம். பெப்டைடு உடம்பிலேயே இருக்கிற பொருள், அதனால் பக்கவிளைவு கிடையாது என்கிறார்கள். ஊசியை விட்டுவிட்டு இதற்கு மாறலாமா? அல்லது இது முறையான மருந்தாக வரும்வரை காத்திருக்க வேண்டுமா?"

அன்புள்ள சகோதரி,

மாற வேண்டாம். அந்தக் குப்பியை வாங்கவும் வேண்டாம். அக்கா இந்தப் பதிலைப் பாதியில் மூடி வைத்துவிட்டாலும் இந்த இரண்டு வரியும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும் என்பதற்காக முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அடுத்து ஒரு வேலை சொல்கிறேன். அக்காவின் மருந்துச் சீட்டை எடுத்து, அந்த வயிற்று ஊசியின் பெயர் என்ன என்று பாருங்கள். பெரும்பாலும் கோசெரலின் என்று இருக்கும், இல்லாவிட்டால் லியுப்ரோலைடு. இரண்டில் எதுவானாலும் அது ஒரு செயற்கைப் பெப்டைடு. நீங்கள் காத்திருக்கலாமா என்று கேட்கிற பொருளை அக்கா ஏற்கெனவே மாதாமாதம் போட்டுக்கொண்டிருக்கிறார். நிறுத்தலாமா என்று அவர் கேட்பதும் அதையேதான்.

இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. மருத்துவர்களாகிய நாங்கள் 'ஹார்மோன் ஊசி' என்று சொல்லிப் போட்டு அனுப்பிவிடுகிறோம். அது என்ன, ஏன் போடுகிறோம் என்று உட்கார்ந்து சொல்வதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிடுகிறார். அதை இப்போது சொல்லிவிடுகிறேன். ஒரு பெப்டைடு மருந்தாக மாறுவதற்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதும் இந்தக் கதையிலேயே தெரிந்துவிடும்.

அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளமான மாலை சுருண்டு மடிந்து ஓர் உருவம் எடுத்தால் அது புரதம். சில மணிகளிலிருந்து ஏறக்குறைய 50 மணிகள் வரை உள்ள சின்ன மாலை பெப்டைடு. எல்லைக்கோடு அவ்வளவு கறாரானது இல்லை. 51 மணிகள் உள்ள இன்சுலினை இரண்டு பக்கமும் சேர்த்துப் பேசுவார்கள். நம் உடம்பில் பெப்டைடுகள் பெரும்பாலும் சேதி கொண்டுபோகிற வேலையைச் செய்கின்றன. ஓர் உறுப்பிலிருந்து கிளம்பி, இன்னோர் உறுப்பின் கதவைத் தட்டிச் சேதியைச் சொல்லிவிட்டு, சில நிமிடங்களில் சிதைந்துபோகும்.

1896-இல் ஜார்ஜ் பீட்சன் என்ற ஸ்காட்லாந்து அறுவைசிகிச்சை மருத்துவர் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். முற்றிப்போன மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்ணுக்குச் சினைப்பைகளை அகற்றினால் கட்டி சுருங்குகிறது என்றார். ஏன் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெயர்கூட அன்று இல்லை. இன்று காரணம் தெரியும்: அக்காவுக்கு வந்தது போன்ற கட்டிகள் ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்பவை. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு அதைத் தயாரித்துக் கொடுப்பது சினைப்பை. சினைப்பைக்கு உத்தரவு போடுவது மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி. பிட்யூட்டரிக்கு உத்தரவு, அதற்கு மேலே உள்ள ஹைபோதலமஸிலிருந்து வருகிறது.

அந்தக் கடைசி உத்தரவு ஒரு பெப்டைடு. பத்தே மணிகள். பன்றிகளின் ஹைபோதலமஸை ஏராளமாகச் சேகரித்து, அரைத்து, பிரித்து, 1971-இல் அதன் அமைப்பைக் கண்டுபிடித்தது ஆண்ட்ரூ ஷாலியின் குழு. போட்டியாக ரோஜர் கிய்மாங் ஆடுகளின் மூளைகளில் தேடிக்கொண்டிருந்தார். 1977 நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது. சரி, இனிமேல் ஒவ்வொரு தடவையும் பன்றி மூளையை அரைத்துக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. அதற்கு வழி ஏற்கெனவே தயாராக இருந்தது. 1963-இல் புரூஸ் மெரிஃபீல்டு ஒரு முறையை வெளியிட்டிருந்தார். மாலையின் ஒரு முனையைச் சின்னப் பிசின் உருண்டையில் ஒட்டவைத்து, ஒரு மணி கோர்ப்பது, மிச்சத்தைக் கழுவுவது, அடுத்த மணி கோர்ப்பது, மறுபடி கழுவுவது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் செயற்கைப் பெப்டைடு என்று இன்று நாம் பேசுவதில் பெரும்பகுதி அந்த முறையின் மேல் நிற்கிறது. அவருக்கும் 1984-இல் நோபல் கிடைத்தது.

ஆக, அந்தப் பத்து மணி மாலையைச் செயற்கையாகக் கோர்க்க முடிந்தது. ஆனால் அதை அப்படியே ஊசியில் ஏற்றினால் பயன் இல்லை. ரத்தத்தில் உள்ள நொதிகள் சில நிமிடங்களில் கத்தரித்துப் போட்டுவிடும். எனவே 6-ஆவது மணியை மாற்றினார்கள். அந்த இடத்தில், இடது கைக்கு வலது கை போலத் திருப்பி அமைந்த ஓர் அமினோ அமிலத்தை வைத்தார்கள். நொதியின் கத்தரிக்கு அது சரியாக வாட்டம் கொடுப்பதில்லை. பிட்யூட்டரியின் கதவுக்கு மட்டும் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. அப்புறம் அதை அரிசிமணி போன்ற ஒரு சிறு குச்சிக்குள் வைத்தார்கள். வயிற்றுத் தோலுக்கு அடியில் அந்தக் குச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, 3.6 மில்லிகிராம் கோசெரலினை 28 நாள் முழுவதும் கசியவிடும். அக்காவுக்கு ஊசி ஏன் அவ்வளவு தடியாக இருக்கிறது என்று கேட்டால் காரணம் இதுதான். உள்ளே போவது திரவம் இல்லை, குச்சி.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த மருந்து பிட்யூட்டரியைத் தடுப்பதில்லை, தூண்டுகிறது. ஹைபோதலமஸ் இயல்பாக ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டும், பிட்யூட்டரி திறக்கும். கோசெரலின் இரவும் பகலும் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். முதல் சில நாட்கள் பிட்யூட்டரி பதறிப்போய் அதிகமாகவே வேலை செய்யும், ஈஸ்ட்ரோஜன் ஏறும். அப்புறம் காதைப் பொத்திக்கொள்ளும். கதவில் உள்ள தாழ்ப்பாள்களையே உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று சொன்னால் இன்னும் சரி. மூன்று வாரம் போல ஆனதும் சினைப்பை தூங்கிவிடும். பீட்சன் கத்தியால் செய்ததை ஒரு சின்ன மாலை செய்துவிடுகிறது. நிறுத்தினால் பல பெண்களுக்குச் சினைப்பை மறுபடி விழித்துக்கொள்கிறது. கத்தியால் அது முடியாது.

இதற்கு ஆதாரம் என்ன? சாஃப்ட், டெக்ஸ்ட் என்று இரண்டு பெரிய ஆய்வுகள். அவற்றைச் சேர்த்துப் பார்த்த முடிவு 2014-இல் வந்தது. மாதவிடாய் நிற்காத 4,690 பெண்கள். எல்லோருக்கும் சினைப்பையை அடக்கி, பாதிப் பேருக்கு எக்ஸிமெஸ்டேன், மீதிப் பேருக்குத் தமாக்ஸிஃபென் என்ற வேறொரு ஹார்மோன் சிகிச்சை மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த அடக்கும் வேலையைப் பெரும்பாலோருக்குச் செய்தது கோசெரலினின் உறவுக்காரப் பெப்டைடான டிரிப்டோரெலின். 5 ஆண்டு கழித்து, நோய் திரும்பாமல் இருந்தவர்கள் எக்ஸிமெஸ்டேன் பக்கத்தில் 100-க்கு 91 பேர், தமாக்ஸிஃபென் பக்கத்தில் 87 பேர். 4 பேர் வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். ஆனால் பெண்களை இரண்டு பக்கமாகப் பிரித்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, எண்ணிப் பார்த்துச் சொன்ன 4 பேர் அவர்கள். அக்காவுக்கு இன்று கொடுக்கப்படும் ஜோடி இதே ஜோடிதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அக்கா மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே ஊசியை மட்டும் நிறுத்தினால், ஏதோ பாதிச் சிகிச்சையாவது ஓடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். எக்ஸிமெஸ்டேன் வகை மாத்திரைகள் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைத் தடுக்கும். சினைப்பை தூங்காத பெண்ணுக்கு அதைத் தனியாகக் கொடுத்தால், ஈஸ்ட்ரோஜன் குறைகிறதே என்று மூளை இன்னும் வேகமாக உத்தரவு அனுப்பும். சினைப்பை துள்ளி எழுந்துவிடும். குழந்தைப்பேறு சிகிச்சையில் கருமுட்டையை வளரச் செய்வதற்கு இதே குடும்பத்து லெட்ரசோலைத் தருகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கீமோவுக்குப் பிறகு மாதவிடாய் வரவில்லையே என்பதும் உத்தரவாதம் இல்லை. 41 வயதில் அது பல மாதங்கள் கழித்தும் திரும்பி வரலாம். ஆகவே ஊசி இல்லாத மாத்திரை அக்காவுக்குப் பாதிப் பாதுகாப்பு கூட இல்லை, எதிர்வேலை செய்யக்கூடும்.

இனி நீங்கள் படித்த செய்திக்கு வருகிறேன். பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் 'ஒரு மணி நேரம்' என்ற கணக்கைப் பார்த்தால், 2020-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உள்ள ஹாரி பெர்கின்ஸ் ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்த தேனீ விஷ ஆய்வாகத்தான் இருக்க வேண்டும். அது ஒழுங்கான ஆய்வு, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. தேனீ விஷத்தின் முக்கியப் பொருள் மெலிட்டின் என்ற பெப்டைடு, 26 மணிகள். சியாரா டஃபியும் உடன் பணியாற்றியவர்களும் தேனீயிடமிருந்து எடுத்த விஷத்தையும், ஆய்வகத்தில் கோர்த்த செயற்கை மெலிட்டினையும் மார்பகப் புற்றுநோய் செல்கள் மேல் விட்டுப் பார்த்தார்கள். செல் சவ்வில் ஓட்டை விழுந்தது. செல்களுக்கு 'வளர்' என்று சொல்கிற சில சமிக்ஞைகளும் அணைந்தன. தகுந்த அளவில் ஒரு மணி நேரத்துக்குள் செல்கள் செத்தன. எலிகளில் டோசிடாக்சல் என்ற கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது கட்டி வளர்ச்சி நன்றாகக் குறைந்தது.

தலைப்பில் வராத விஷயங்களையும் பார்ப்போம். விஷத்துக்கு அதிகமாக மடிந்தவை டிரிப்பிள் நெகட்டிவ் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன், ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ்) செல்களும், ஹெர்-2 என்ற வளர்ச்சிப் புரதம் மிகுந்த செல்களும். அக்காவின் நோய் இரண்டிலும் சேராது. அடுத்தது, ஆய்வகத் தட்டில் செல் மட்டும்தான் இருக்கும். அங்கே ரத்தம் ஓடுவதில்லை, சிறுநீரகம் கிடையாது, மருந்து கட்டியைத் தேடிப் போக வேண்டிய அவசியமும் கிடையாது. நாமே கொண்டுபோய் அதன் தலையில் ஊற்றுகிறோம். மெலிட்டினை ரத்தத்தில் செலுத்தினால் அது முதலில் சந்திப்பது சிவப்பணுக்களை. அவற்றையும் அது உடைக்கும். இந்தப் பெப்டைடைப் பற்றிப் பல காலமாகத் தெரிந்த தலைவலி இது. அதனால்தான் அந்தக் குழுவே மெலிட்டினின் அமைப்பில் கூடுதலாக ஒரு துண்டைச் சேர்த்து, புற்றுநோய் செல்லை மட்டும் நாடிப் போகவைக்க முடியுமா என்று முயன்றது.

பக்கவிளைவு இல்லை என்று சொன்ன கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: தேனீ கொட்டினால் ஏன் வலிக்கிறது? பெரும்பாலும் மெலிட்டினால்தான். இன்சுலினும் பெப்டைடு, உடம்பிலேயே இருப்பது. அளவு தவறினால் ஆளைக் கொன்றுவிடும். உடம்பில் இருக்கிற பொருள் என்பதாலேயே அது சாது என்று ஆகிவிடாது. அக்காவை இன்று வாட்டும் அனலிலும்கூட, ஒரு பெப்டைடு தன் வேலையைச் சரியாகச் செய்வதற்குப் பங்கு உண்டுதானே.

அப்படியென்றால் பெப்டைடுகளில் நம்பிக்கையே இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. பல புற்றுநோய் செல்களின் வெளிச்சுவரில், வழக்கமாக உட்பக்கம் ஒளிந்திருக்க வேண்டிய எதிர்மின்னூட்டக் கொழுப்பு ஒன்று வெளியே தெரியும். நேர்மின்னூட்டம் கொண்ட பெப்டைடு அதில் போய் ஒட்டிக்கொள்ளும். பசும்பாலில் உள்ள ஒரு புரதத்தின் துண்டைப் பார்த்து வடிவமைத்த எல்.டி.எக்ஸ்-315 என்ற 9 மணிப் பெப்டைடு அப்படிப்பட்டது. அதைக் கட்டிக்குள்ளேயே நேராகக் குத்தி, செல்களை உடைத்து, உடைந்த துகள்களை நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டிக்கொடுக்க முடியுமா என்று மனிதர்களில் பார்த்திருக்கிறார்கள். ஆரம்பக் கட்ட ஆய்வு அது.

எனக்குத் தனிப்பட்ட முறையில் அதிக ஆர்வம் தருவது, பெப்டைடைக் கொலையாளியாக அனுப்பாமல் தபால்காரராக அனுப்புகிற யோசனை. வேறொரு புற்றுநோயில் இது ஜெயித்தும் விட்டது. குடல், கணைய நரம்பு-நாளமில்லாக் கட்டிகளின் மேல் சொமேட்டோஸ்டாட்டின் என்ற பெப்டைடுக்கான கதவுகள் ஏராளம். அந்தப் பெப்டைடைச் சிறிதாக்கி, அதன் முதுகில் லுட்டீசியம்-177 என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கட்டி அனுப்பினால் அது கட்டியைத் தேடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி கொடுத்தது. மார்பகப் புற்றுநோயில், அதுவும் அக்காவைப் போன்ற ஈஸ்ட்ரோஜன் பாசிட்டிவ் கட்டிகளில், பாம்பெசின் என்ற பெப்டைடுக்கான கதவுகள் அடிக்கடி காணப்படுகின்றன. பாம்பெசின் முதலில் கிடைத்தது ஒரு தேரையின் தோலில். அந்த முகவரியை வைத்து ஸ்கேன் எடுக்கவும், கதிரியக்கத்தைக் கொண்டுசேர்க்கவும் ஆய்வுகள் நடக்கின்றன. கதவு இருக்கிறதா என்று முதலில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இருக்கிறவருக்கு மட்டும் மருந்து தரலாம் என்பது இதில் எனக்குப் பிடித்த அம்சம்.

நம்பிக்கை பொய்த்துப்போன கதை ஒன்றையும் சொல்லாவிட்டால் நான் நியாயமாக நடந்ததாக ஆகாது. ஹெர்-2 புரதத்திலிருந்து 9 மணிகளை மட்டும் எடுத்து நெலிபெபிமட் என்ற தடுப்பூசி செய்தார்கள். நோய் வந்து சிகிச்சை முடித்த பெண்களுக்கு, அது திரும்பி வராமல் இருப்பதற்காக. முந்தைய ஆய்வுகளில் நோய் எதிர்ப்பு மண்டலம் நன்றாகவே விழித்துக்கொண்டது. 5 ஆண்டில் நோய் திரும்பாதவர்கள் தடுப்பூசி போட்ட பக்கம் ஏறக்குறைய 90 சதவீதம், போடாத பக்கம் 80 சதவீதம். எங்களில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பிறகு 758 பெண்களோடு 3-ஆம் கட்ட ஆய்வு நடந்தது. யாருக்குத் தடுப்பூசி, யாருக்கு ஒப்பீட்டு ஊசி என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 2016-இல் பாதியில் கணக்குப் பார்த்தபோது பலன் எதுவும் தெரியவில்லை, தெரிவதற்கான வாய்ப்பும் இல்லை என்று ஆய்வை நிறுத்தினார்கள். தட்டில் இல்லை, எலியில் இல்லை, பெண்களிலேயே வேலை செய்வது போலத் தெரிந்த ஒரு பெப்டைடுக்கு நேர்ந்த கதி இது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜி.பி.2 என்ற பெப்டைடுத் தடுப்பூசி 3-ஆம் கட்ட ஆய்வுக்குப் போயிருக்கிறது. அது ஹெர்-2 பாசிட்டிவ் உள்ளவர்களுக்கானது.

முதல் கட்ட மனித ஆய்வுக்குள் நுழையும் புற்றுநோய் மருந்துகளில் 20-க்கு ஒன்று மருந்துக் கடைக்கு வந்தால் பெரிய விஷயம். தட்டிலும் எலியிலும் நின்றுபோனவை இந்தக் கணக்கிலேயே சேராது. எனவே காத்திருக்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில், காத்திருக்கக் கூடாது என்பதே. நோய் திரும்புவதைத் தடுக்கிற காலம் அக்காவுக்கு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி அந்தக் குப்பி. சில மாதங்களுக்கு முன் ஒருவர் இதேபோல் ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து என் மேசை மேல் வைத்தார். முன்பக்கம் பளபளவென்று ஒரு பெயர். பின்பக்கம் கண்ணாடி போட்டுப் பார்த்தால் மட்டும் தெரிகிற எழுத்தில், 'ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல'. விற்பவருக்குச் சட்டத்திலிருந்து தப்பிக்க இந்த ஒரு வரி போதும். மெரிஃபீல்டு முறையில் ஒவ்வொரு மணியைக் கோர்க்கும்போதும் கொஞ்சம் தவறும். ஒரு மணி விட்டுப்போன மாலைகள், பாதியில் நின்ற மாலைகள் எல்லாம் கலந்திருக்கும். மருந்துத் தொழிற்சாலையில் அவற்றைப் பிரித்தெடுத்து, கிருமியும் கிருமியின் நச்சும் இல்லை என்று சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். இந்தக் குப்பிக்கு அந்தச் சோதனையைச் செய்தது யார்?

சுத்தமாகவே இருக்கட்டும், அப்போதும் அக்காவைப் பொறுத்தவரை எனக்குப் பயம் குறையாது. இணையத்தில் இப்படி விற்பவற்றில் பிரபலமான பி.பி.சி-157 விலங்குகளில் புதிய ரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தூண்டுகிறது. காயம் ஆற அது நல்லது என்கிறார்கள். கட்டி வளரவும் ரத்தக் குழாய்தான் வேண்டும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2022 முதல் விளையாட்டு வீரர்களுக்கு அதைத் தடை செய்திருக்கிறது. எந்த நாட்டிலும் மருத்துவப் பயன்பாட்டுக்கு அனுமதி பெறாத பொருள்களின் பட்டியலில் அது இருக்கிறது. சி.ஜே.சி-1295, இபாமோரெலின் போன்றவை வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைப்பவை. வளர்ச்சி ஹார்மோன் ஏறினால், செல்களை வளரத் தூண்டும் ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருளும் ஏறும். ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 அதிகமாக உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் பாசிட்டிவ் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-இல் எழுதியிருக்கிறார்கள். இந்தக் குப்பிகள் அக்காவுக்கு நோயைத் திருப்பிக் கொண்டுவரும் என்று நிரூபணமாகிவிட்டதாக நான் சொல்லவில்லை. ஆனால் ஈஸ்ட்ரோஜனை அடக்க இவ்வளவு பாடுபட்டுவிட்டு, பக்கத்திலேயே வளர்ச்சிக்கு வேறொரு கதவைத் திறந்து வைப்பானேன்?

மாத்திரையாகவோ தூளாகவோ வாயில் போடுகிற பெப்டைடுகள் பற்றியும் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று தெரியும். வயிற்றுக்குப் பெப்டைடும் பருப்பும் ஒன்றுதான், இரண்டையும் செரித்துவிடும். சர்க்கரை நோய்க்கான செமாகுளுட்டைடு மாத்திரையில், உறிஞ்சுவதற்கு உதவும் பொருளைக் கூடவே வைத்தும் உள்ளே போவது 1 சதவீதம் போலத்தான். கொலாஜன் தூளை அக்கா ஆசைப்பட்டால் சாப்பிடட்டும், உணவு என்ற கணக்கில்.

இவ்வளவு சொன்னேன், அக்காவின் வலிக்கு வழி சொல்லவில்லையே. உண்மையில் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான். வலி தாங்காமல்தான் அவர் குப்பியைத் தேடுகிறார். இதை அவருடைய மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்ற ஒரு வார்த்தையோடு திரும்பி வந்துவிடாதீர்கள். எக்ஸிமெஸ்டேனுக்குப் பதில் அதே குடும்பத்தின் லெட்ரசோலையோ அனஸ்ட்ரசோலையோ கொடுத்துப் பார்த்தால் சிலருக்கு வலி குறைகிறது. மருத்துவர் கண்காணிப்பில், ஊசியை விடாமல் மாத்திரைக்கு மட்டும் 2, 3 வாரம் ஓய்வு கொடுத்து, வலி அதனால்தானா என்று பார்ப்பதும் வழக்கம். டுலோக்ஸெட்டின் என்ற மாத்திரை இந்த மூட்டு வலிக்குப் பலன் தருவதாக ஆய்வில் தெரிந்திருக்கிறது. உடற்பயிற்சியும் அப்படித்தான். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடையும் 2 நாள் எடை தூக்கும் பயிற்சியும் என்று ஓர் ஆய்வில் கொடுத்துப் பார்த்தபோது மூட்டு வலி குறைந்தது. வலிக்கிற முழங்காலோடு நடப்பதா என்று அக்கா முறைப்பார். முதல் 2, 3 வாரம் நீங்களும் கூடவே நடங்கள்.

அனலுக்கு வென்லாஃபாக்ஸின் குறைந்த அளவில் உதவும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தார்களா என்றும் கேளுங்கள். சினைப்பையை அடக்கி, ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைத் தடுக்கும் மாத்திரையும் கொடுக்கும்போது எலும்பு வேகமாகத் தேயும். அதற்கு 6 மாதத்துக்கு ஒருமுறை ஜோலெட்ரோனிக் அமிலம் ஏற்றுவது போன்ற வழிகள் உண்டு. எதுவுமே ஒத்துவரவில்லை என்றால், ஊசியோடு தமாக்ஸிஃபெனுக்கு மாறலாம். 100-க்கு 87 என்று மேலே சொன்னேனே, அந்த ஜோடி. கொஞ்சம் குறைவுதான், ஆனால் தொடர முடியாமல் பாதியில் விடுகிற 91-ஐவிட அது எவ்வளவோ மேல். குழந்தை பெறும் எண்ணம் இனி இல்லை, மாதாமாதம் தடி ஊசி குத்திக்கொள்ள முடியவில்லை என்றால், சினைப்பைகளை அகற்றும் சிறிய அறுவைசிகிச்சையும் ஒரு வழி. அதனால் அனல் குறையாது, ஊசி மட்டும்தான் நிற்கும். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

புதிய பெப்டைடு ஆய்வு ஒன்றில் சேரலாமா என்று அக்கா பிற்பாடு கேட்டால், அதில் தப்பே இல்லை. ஆய்வுகள் பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அமெரிக்கப் பதிவேட்டில் என்.சி.டி. என்று தொடங்கி 8 இலக்கம் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் தேடுதளத்தில் பல நாட்டுப் பதிவுகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். எண்ணைக் கேட்டால் தயங்குகிறவர்களிடமும், ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்கிறவர்களிடமும் மேலே பேச வேண்டியதில்லை. எண் கிடைத்தால், அது எந்த வகை மார்பகப் புற்றுநோய்க்கு, எந்தக் கட்டம், இப்போதைய சிகிச்சையோடு சேர்த்தா அல்லது அதை நிறுத்திவிட்டா என்று மூன்றையும் படித்துவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அந்த மூன்றாவது கேள்விதான் அக்காவுக்கு உயிரானது.

அடுத்த ஊசி எந்தத் தேதி என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இந்த யோசனைகளுக்கு நடுவே அது தள்ளிப்போயிருந்தால், இன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, எத்தனை நாள் தாமதம் என்று சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் அளவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை தேவையா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.